வழி தப்பிய பக்கங்கள்

‘மாதொருபாகன்’ நாவலை முடிக்கும்போது பெருமாள்முருகன் காளியைப் பூவரச மரத்தடியில் விட்டுவிட்டுப் போய்விடுகிறார். பிள்ளையில்லாத தன் மனைவி பொன்னா, பிள்ளைக்காக வேற்று ஆணோடு கூட ஊர் வழக்கம் இடம் தரும் திருச்செங்கோட்டுப் பதினான்காம் நாள் திருவிழாவுக்குப் போய்விட்டாள் என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது. இனி அவன் என்ன செய்வான்? 2010இல் வந்த புத்தகம் அதைச் சொல்லவில்லை. நான்கு வருஷம் கழித்து, 2014இல், அவரே அந்த மரத்தடியிலிருந்து இரண்டு நாவல்களைத் தொடங்கினார். ‘ஆலவாயன்’ நாவலில் காளி செத்துப்போகிறான். அவன் இல்லாத காட்டிலும் வீட்டிலும் பொன்னா வாழ வேண்டியிருக்கிறது. ‘அர்த்தநாரி’யில் காளி பிழைத்துக்கொள்கிறான், இரண்டு பேரும் அந்த ஒரு ராத்திரியைச் சுமந்துகொண்டு வாழ வேண்டியிருக்கிறது. எது உண்மையான தொடர்ச்சி என்று ஆசிரியர் தீர்ப்புச் சொல்லவில்லை. பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் நின்றவர் இரண்டிலும் நடந்து பார்த்திருக்கிறார். ஒரு நாவலாசிரியர் தனக்கு வழி தெரியவில்லை என்பதையே இரண்டு புத்தகங்களாக எழுதிக்காட்டியதற்கு இதைவிடத் துலக்கமான உதாரணம் நம் பக்கத்தில் இல்லை.

நம் பக்கம் என்று சும்மா சொல்லவில்லை. எங்கள் பள்ளிபாளையத்தில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் திருச்செங்கோட்டு மலை கண்ணுக்குத் தெரிந்துவிடும். அந்த ஊரைப் பற்றி எழுத வேண்டும் என்று நல்கை பெற்றுக்கொண்டு, ஊர் ஊராகத் தகவல் திரட்டப் போனவர்தான் பெருமாள்முருகன். அப்படி அலைந்தபோது ‘சாமி குடுத்த பிள்ளை’ என்று ஊரார் சொல்லும் மனிதர்கள் எதிர்ப்பட்டார்கள். கோயிலைப் பற்றியும் நகரத்தைப் பற்றியும் சேர்த்த குறிப்புகள் ஒருபுறம் கிடக்க, அவர் அந்தப் பேச்சின் பின்னால் போய்விட்டார். போன இடத்தில் காளியும் பொன்னாவும் இருந்தார்கள். ஊர் வரலாறு எழுதுவேன் என்று அன்றைக்கு அவர் பிடிவாதமாக நின்றிருந்தால் நமக்கு ஒரு நல்ல தகவல் நூல் கிடைத்திருக்கும்.

இந்த இதழுக்கு வரும் கதைகளைப் படிக்கப் படிக்க இந்த வழி தப்பலைப் பற்றி எழுதியே தீர வேண்டும் என்று தோன்றிவிட்டது. வருகிற கதைகளில் பெரும்பாலானவை நன்றாக எழுதப்பட்டவை. பிழை குறைவு. நடை சுத்தம். ஆனால் முதல் பத்தியிலேயே கடைசிப் பத்தி தெரிந்துவிடுகிறது. வட்டிக்காரன் வருகிறான் என்றால் தாலி போகும். கிழவி திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாள் என்றால் மகன் வரமாட்டான். எழுதுகிறவருக்கு எல்லாம் முன்பே தெரிந்திருக்கிறது. தெரிந்ததை நமக்கு அறிவிக்கிறார். வாழ்க்கையை நேரில் பார்த்தவர்கள்தான் இவர்கள். பட்ட பாட்டைத்தான் எழுதுகிறார்கள். அப்படியிருந்தும் எழுதும்போது அவர்களுக்குப் புதிதாக எதுவுமே தட்டுப்படவில்லை. இது எனக்குப் பெரிய வருத்தம்.

இதற்கு அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. போட்டிகள் தலைப்பையும் கருத்தையும் முன்னாலேயே கொடுத்துவிடுகின்றன. பயிற்சிப் பட்டறைகளில் கரும்பலகையில் தொடக்கம், முடிச்சு, உச்சம், அவிழ்ப்பு என்று கோடு போட்டுக் காட்டுகிறார்கள். இப்போது போனில் கேட்டால் கதைச் சுருக்கமே நொடியில் வந்து விழுகிறது. எழுதத் தொடங்குகிறவருக்குக் கைப்பிடிச் சுவர் தேவைதான், மறுக்கவில்லை. வாழ்நாள் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டே நடந்தால் சுவர் இருக்கிற வரைக்கும்தான் போக முடியும்.

இந்த ஊர்த் தறிப்பட்டறையில் இரவு ஷிப்ட் பார்க்கும் இளைஞர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் ஒரு கதை கொடுத்தார். பட்டறைக்காரரிடம் அட்வான்ஸ் வாங்கிவிட்டு அதிலிருந்து மீள முடியாத குடும்பத்தின் கதை. விசைத்தறி ஓடும் ஊர்களில் எல்லோருக்கும் தெரிந்த கொடுமை அது. கதை நேர்கோட்டில் போய், கோபமான ஒரு வசனத்தில் முடிந்திருந்தது. நடுவில் ஒரு பக்கம் முழுக்கக் குறுக்கே கோடு அடித்திருந்தார். கோட்டுக்குக் கீழே இருந்ததைப் படித்தேன். நடு ராத்திரி கரண்ட் போகிறது. அத்தனை தறியும் ஒரே சமயத்தில் நிற்கின்றன. தறிச் சத்தத்திலேயே பிறந்து, தறிச் சத்தத்திலேயே தூங்கிப் பழகிய கைக்குழந்தை, சத்தம் நின்றதும் திடுக்கிட்டு எழுந்து வீறிடுகிறது. அம்மா தோளில் போட்டுத் தட்டுகிறாள், பாட்டுப் பாடுகிறாள், அடங்கவில்லை. கடைசியில் அவள் எவர்சில்வர் தட்டை எடுத்துத் தரையில் சீராகத் தட்ட ஆரம்பிக்கிறாள். குழந்தை கண்ணை மூடுகிறது. கரண்ட் வரும் வரைக்கும் அவள் தட்டிக்கொண்டே இருக்கிறாள்.

“இதை எதுக்கு தம்பி அடிச்சீங்க?” என்று கேட்டேன்.

“அது கதைக்குச் சம்பந்தமில்லீங்கண்ணா. எழுதிட்டு இருக்கறப்ப எங்கியோ போயிருச்சு. மறுக்கா இழுத்துட்டு வரவே பெரும்பாடாப் போச்சுங்க.”

“இழுத்துட்டு வர வேண்டாம். அந்தத் தட்டுச் சத்தத்துலருந்து மேல போய்ப் பாருங்க.”

“அங்கிருந்து எங்க போறதுன்னு தெரியலீங்களே.”

அவர் சொன்னது முழுக்க உண்மை. எனக்கும் தெரியவில்லை. அட்வான்ஸ் கொடுமையைப் பற்றி அவர் எழுதியிருந்த மற்றப் பக்கங்களில் நானும் அவரும் எல்லா வாசகர்களும் ஏற்கெனவே அறிந்தது இருந்தது. கோடு அடித்த பக்கத்தில் இருந்த தாய், தூங்க வேண்டிய பிள்ளைக்காகத் தன்னைக் கட்டிப்போட்டிருக்கும் இயந்திரத்தின் சத்தத்தையே கையால் உண்டாக்குகிறாள். கடன் ஒரு குடும்பத்துக்குள் எவ்வளவு ஆழத்துக்கு இறங்கியிருக்கிறது என்பதை அந்தக் கோப வசனத்தால் சொல்ல முடியவில்லை. வழி தப்பிப் போன பக்கம் சொல்லிவிட்டது. அந்தக் கதை இன்னும் முடியவில்லை. அவர் எழுதிக்கொண்டிருக்கிறார். அவசரமில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

டால்ஸ்டாய் கதையை அவரிடம் சொன்னேன். இங்கேயும் சொல்கிறேன், ஏனென்றால் இதைவிடப் பெரிய வழி தப்பல் உலக இலக்கியத்தில் எனக்குத் தெரிந்து இல்லை. டால்ஸ்டாய் எழுத நினைத்தது சைபீரியத் தண்டனை முடிந்து 1856இல் குடும்பத்தோடு ரஷ்யா திரும்பும் ஒருவரின் கதை. 1825 டிசம்பரில் ஜாருக்கு எதிராகக் கிளர்ந்து நாடு கடத்தப்பட்டவர்களில் ஒருவர். எழுதத் தொடங்கியதும், அன்றைக்கு அவர் ஏன் கிளர்ந்தார் என்று புரியாமல் இன்றைய கிழவரை எழுத முடியாது என்று பட்டது. 1825க்குப் பின்னால் போனார். அங்கே அந்த மனிதர் ஏற்கெனவே முதிர்ந்து, குடும்பஸ்தராக நிற்கிறார். அவருடைய இளமை 1812இல், நெப்போலியன் படையெடுத்த ஆண்டில் கிடந்தது. அதற்கும் போனார். ரஷ்யா வென்ற கதையை மட்டும் எழுதி, அதற்கு முன் தோற்று அவமானப்பட்டதை விட்டுவிட அவருக்குக் கூச்சமாக இருந்தது. இன்னும் பின்னால், 1805க்குப் போனார். ‘போரும் அமைதியும்’ 1805 ஜூலையில் ஒரு மாலை விருந்தில் தொடங்குகிறது. 1863 முதல் 1869 வரை எழுதினார். எந்த மனிதரைத் தேடிப் புறப்பட்டாரோ அவர் திரும்பி வரும் 1856க்கு நாவல் வந்து சேரவே இல்லை.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டால்ஸ்டாய் தொலைந்துபோன ஒவ்வொரு தடவையும் காரணம் ஒன்றுதான்: அந்த மனிதரைத் தனக்குப் போதுமான அளவு தெரியவில்லை என்ற நேர்மை. சோம்பல் அதில் துளியும் இல்லை. 1867இல் பொரோதினோ போர்க்களத்துக்கே நேரில் போய் நின்று பார்த்தார். வருஷக்கணக்காக எதுவும் எழுதாமல், “உள்ளே ஊறிக்கொண்டிருக்கிறது” என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருக்கும் நண்பர்கள் நமக்கு உண்டு. அவர்கள் மேல் எனக்கு அன்பு உண்டு. ஆனாலும் நடக்காதவர் வழி தப்புவதில்லை. தினமும் உட்கார்ந்து எழுதுகிறவருக்குத்தான் அது நேரும்.

எழுதாமல் இருப்பதும் வேலையாக இருந்த ஒருவர் தமிழில் உண்டு. சுந்தர ராமசாமி ‘ஒரு புளியமரத்தின் கதை’யை 1966இல் வெளியிட்டபின் ஏழு ஆண்டுகள் போல எதுவும் வெளியிடவில்லை. திரும்பி வந்தவர் வேறு ஆளாக வந்தார். 1981இல் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ வெளியானபோது, இது நாவலா, நாட்குறிப்பா, விமர்சனமா என்று வாசகர்கள் திகைத்தார்கள். புளியமரத்துக்குக் கிடைத்த பாராட்டைப் பிடித்துக்கொண்டு அதே சாலையில் இன்னும் நான்கு நாவல் எழுதியிருக்க அவரால் முடியும். தெரிந்த வழியில் போக மறுத்ததற்கு அவர் கொடுத்த விலை அந்த ஆண்டுகள்.

ஆங்கிலக் கவிஞர் கீட்ஸ் தன் இருபத்திரண்டாம் வயதில், 1817 டிசம்பரில், தம்பிகளுக்கு எழுதிய கடிதத்தில் ஷேக்ஸ்பியரிடம் தான் கண்ட பெரிய குணம் என்று ஒன்றைச் சொல்கிறார். ஐயத்திலும் புதிரிலும் இருக்கும்போது, உடனே காரணத்தையும் முடிவையும் எட்டிப் பிடிக்கத் துடிக்காமல் அப்படியே இருக்க முடிவது. பட்டறைகளில் எதையாவது சொல்லித்தர வேண்டுமென்றால் இதைச் சொல்லித்தரலாம். கோடு போட்டுக் காட்ட முடியாது என்பதால்தான் யாரும் சொல்லித்தருவதில்லை போலும்.

இனி ஒன்றைக் கோபத்தோடுதான் சொல்ல வேண்டும். எழுதுகிறவர் வழி தப்புவது வேறு. அவர் வழியை மறிப்பது வேறு. 2015 ஜனவரியில் பெருமாள்முருகன் என்ற எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவரே அறிவிக்க நேர்ந்தது. ‘மாதொருபாகன்’ வந்து நான்கு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதுவரை இல்லாத எதிர்ப்பு திடீரென்று கிளப்பப்பட்டு, புத்தகம் எரிக்கப்பட்டு, கடையடைப்பு நடத்தப்பட்டு, பிறந்து வளர்ந்த மண்ணைவிட்டே குடும்பத்தோடு அவர் போக வேண்டியதாயிற்று. 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பிறகு ‘கோழையின் பாடல்கள்’ வந்தது, ‘பூனாச்சி’ வந்தது. மனிதர்களை எழுதப் பயந்துபோன ஒருவர் ஒரு வெள்ளாட்டுக் குட்டியை எழுதினார். பூனாச்சி அருமையான நாவல். அதைக் காட்டி, “பார்த்தீர்களா, கஷ்டம் வந்ததால்தானே இது கிடைத்தது” என்று சொல்கிறவர்களை நான் மேடைகளிலேயே கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சை இந்த இதழ் ஏற்காது. அந்த ஒன்றரை ஆண்டில் எழுதப்படாமல் போனவை எவை என்று யாருக்கும் தெரியாது. தொலைந்துபோகிறவருக்குத் திரும்பி வர ஒரு வீடு, ஒரு ஊர், பயமில்லாமல் தூங்க ஒரு இரவு வேண்டும். அதைப் பிடுங்கிக்கொண்டு படைப்பைப் பற்றிப் பேச யாருக்கும் உரிமை கிடையாது.

அந்தப் பாதுகாப்பைத் தருவது ஊரும் வாசகரும் செய்ய வேண்டியது. சிற்றிதழ் செய்ய வேண்டியது என்ன என்றும் யோசித்தோம். பெரிய பத்திரிகைக்குப் பக்கக் கணக்கு உண்டு, விளம்பரம் உண்டு, முடிந்த சரக்குத்தான் அங்கே போகும். நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நம் ஊர்க் காகித ஆலையில், ஓடும்போது அறுந்த தாளை யாரும் வெளியே வீசுவதில்லை. கரும்புச் சக்கைக் கூழும் மரக்கூழும் இருக்கும் தொட்டிக்கே அது திரும்பிப் போகிறது. மறுபடி தாளாகி வருகிறது. எழுதுகிறவர்கள் கிழித்துப்போடும் பக்கத்துக்கு அப்படி ஒரு தொட்டி இல்லாமல் இருப்பது அநியாயம்.

அதனால் அடுத்த இதழிலிருந்து எட்டுப் பக்கங்களைக் ‘கைவிட்ட பக்கங்கள்’ என்ற பெயரில் ஒதுக்குகிறோம். முடிந்த கதை அதற்கு வேண்டாம். எங்கே போவது என்று தெரியாமல் நிறுத்திய பக்கம், சம்பந்தமில்லை என்று கோடு அடித்த பக்கம், வேறொன்றை எழுதும்போது குறுக்கே வந்து நின்ற பக்கம் இவற்றை அனுப்புங்கள். புதிதாக எழுதுகிறவர், பெயர் பெற்றவர் என்ற பேதம் இல்லை. மூத்தவர்கள் தங்கள் பழைய நோட்டுகளைத் திறந்தால் இன்னும் சந்தோஷம். அனுப்புவதற்காகத் திருத்த வேண்டாம். கோடு அடித்திருந்தால் அந்தக் கோட்டோடேயே அச்சிடுவோம். கையெழுத்துப் பிரதி போதும். போனில் படம் எடுத்து அனுப்பினாலும் சரி. தலையில் ஒரு வரி மட்டும் கட்டாயம் எழுதுங்கள்: எதை எழுதப் புறப்பட்டபோது இது வந்தது என்று. படிக்கிற யாராவது அந்த இடத்திலிருந்து மேலே போகத் தோன்றி எழுதினால், உங்கள் சம்மதம் கேட்டு அதையும் அதற்கடுத்த இதழில் பக்கத்தில் போடுவோம்.