ஏடும் இலையும்

நம்முடைய ஊர்களில் நடைபெறும் இலக்கியக் கூட்டங்களுக்குப் போய் வருகிறவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். வரவேற்புரையும் தலைமையுரையும் வாழ்த்துரையும் முடிந்து, பொன்னாடைகள் போர்த்தப்பட்டு, சிறப்புரையாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தவண்ணமே தம் பிரசங்கத்தை நிறைவு செய்து, நன்றியுரையும் ஆன பிறகு, வாசலில் தேநீரும் வடையும் கொடுக்கிறார்களே, அந்தப் பத்து நிமிஷத்தில்தான் நூலைப் பற்றிய மெய்யான சம்பாஷணை தொடங்குகிறது. இரண்டு மணி நேரம் வாய் திறவாமல் உட்கார்ந்திருந்தவர், கையில் வடை வந்ததும், “கதாநாயகியின் மனசு அவருக்குப் பிடிபடவே இல்லை, சார்” என்கிறார். பக்கத்தில் நிற்பவர் அதை மறுக்கிறார். மூன்றாமவர் இருவரையும் மறுக்கிறார். அந்தப் பத்து நிமிஷத்தையே கூட்டமாக்கிக்கொண்டு, மேடையை அடியோடு விலக்கிவிட்டால் என்ன?

கூடிப் படிப்பதன் இன்பம், குறுக்கிட்டுப் பேசும் உரிமையில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். தனியே படிக்கிறவனைக் குறுக்கிட ஆளில்லை. மேடைப் பேச்சாளரைக் குறுக்கிட வழியில்லை. ஏழெட்டு நண்பர்கள் ஒரு வீட்டில் கூடி, ஒரே அடுப்பில் ஆனதைப் பகிர்ந்துண்டு, ஒரு நூலை வாய்விட்டுப் படிக்கும்போதுதான், படித்துக்கொண்டிருப்பவரைப் பாதி வாக்கியத்தில் நிறுத்தி, “அது அப்படியல்ல” என்று சொல்லவும், சொன்ன பிறகும் சிநேகிதர்களாகவே எழுந்து போகவும் முடிகிறது.

இதைச் சொல்வதற்குக் காஞ்சிபுரத்தைக் காட்டிலும் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை. கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்தைக் குமரகோட்டத்தில் அரங்கேற்றியபோது, முதற் செய்யுளின் முதற் சொல்லிலேயே ஒருவர் எழுந்து, இந்தப் புணர்ச்சிக்கு இலக்கண விதி உண்டா என்று தடுத்தார் என்றும், அன்றைய அரங்கேற்றம் அத்துடன் நின்றுபோக, மறுநாள் சோழ நாட்டிலிருந்து வந்தவராகத் தோன்றிய ஒரு புலவர் வீரசோழியத்தை எடுத்துக் காட்டி விதியை நிலைநாட்டினார் என்றும், அந்தப் புலவர் முருகப் பெருமானே என்றும் இவ்வூர் ஐதிகம் பேசுகிறது. வரலாற்று ஆராய்ச்சி இதை எப்படி மதிப்பிட்டாலும் ஆகட்டும். தடை எழுப்பியவரை யாரும் வெளியே அனுப்பவில்லை, அவருக்கு விடை சொல்லத் தெய்வமே வர வேண்டியிருந்தது என்று ஓர் ஊர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறது என்றால், கேட்பவனுடைய கேள்விக்கு அவ்வூர் கொடுத்திருக்கும் இடம் எத்தகையது என்று பாருங்கள்.

ஏட்டோடு இலையையும் சேர்த்துப் பார்ப்பதற்கும் இவ்வூரில் ஆதாரம் உண்டு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியதும், உ.வே. சாமிநாதையர் 1889இல் வெளியிட்ட பத்துப்பாட்டில் ஒன்றுமான பெரும்பாணாற்றுப்படை, வறிய பாணன் ஒருவனைக் காஞ்சியில் வீற்றிருந்த தொண்டைமான் இளந்திரையனிடம் வழிகூட்டி அனுப்பும் நூல். ஆனால் அதன் ஐந்நூறு அடிகளையும் பசியோடு படிப்பவருக்கு, அது வழிநெடுகப் போடப்பட்ட ஒரு பந்தியாகவே தோன்றும். இடையர் குடியில் தினைச் சோறும் பாலும், முல்லை நிலத்து உழவர் மனையில் வரகுச் சோறும் அவரைப் பருப்பும், மருத நிலத்தில் நெற்சோறும் வீட்டுக் கோழியின் வாட்டிய இறைச்சியும் என்று நிலத்துக்கு நிலம் இலை மாறிக்கொண்டே வந்து, அந்தணர் மனையை அடையும்போது, மாதுளையின் பசுங்காயைப் பிளந்து, மிளகும் கறிவேப்பிலையும் கூட்டி, வெண்ணெயில் வேகவைத்த கறியும், மாவடு ஊறுகாயும் வந்து சேர்கின்றன.

இந்தப் பகுதியைப் பிள்ளையார்பாளையத்தில், நெசவாளி நண்பர் ஒருவரின் வீட்டில், தறிச் சத்தம் ஓய்ந்த ஒரு மாலையில் நாங்கள் படித்தோம். நண்பரின் தமக்கையார் எங்கிருந்தோ பிஞ்சு மாதுளை தேடிப் பிடித்து, பாட்டில் உள்ளபடியே சமைத்து வைத்திருந்தார். ஒரு வாய் உண்டதும் சபை இரண்டாகப் பிரிந்தது. துவர்ப்பு நாக்கைப் பிடிக்கிறது, இதைப் போய் விருந்து என்று புலவர் பாடியிருக்க மாட்டார் என்றது ஒரு கட்சி. வெண்ணெயை இன்னும் தாராளமாக விட்டிருந்தால் துவர்ப்பு அடங்கியிருக்கும், தவறு புலவருடையதும் அல்ல, அக்காவுடையதும் அல்ல, இன்றைய வெண்ணெய் விலையுடையது என்றது மற்றொரு கட்சி. அங்கிருந்து பேச்சு, அந்த இலையில் விழுந்த சோறு எது என்பதற்குத் தாவியது. பறவையின் பெயர் கொண்ட நெல் என்று மட்டுமே பாட்டு சொல்ல, நச்சினார்க்கினியர் அதை இராசான்னம் என்று கொள்கிறார். மளிகைக் கடை வைத்திருக்கும் நண்பர், உரையாசிரியரிடம் சற்றும் அச்சமின்றி, தம் தந்தையார் காலத்து நெல் ரகங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி வாதாடினார். பல்கலைக்கழகக் கருத்தரங்கில் அவருக்கு நாற்காலி கிடைத்திருக்காது; இங்கே அவர்தான் அன்றைய பிரதம சாட்சி.

கோர்வைப் புடவையில், உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறு நிறமும் விலகாமல் பின்னிக்கொள்ள வேண்டுமானால், தறியில் இருப்பவர் மட்டும் போதாது. மறுபக்கத்தில் ஒருவர் அமர்ந்து நாடாவை வாங்கித் திருப்பி அனுப்ப வேண்டும். நூல் படிப்பதும் அப்படித்தான் என்று அந்த நெசவாளி நண்பர் சொன்னார். அதற்கு மேல் நான் விளக்குவதற்கு ஒன்றுமில்லை.

தமிழ்நாட்டில் இத்தகைய வட்டங்களுக்கெல்லாம் முன்னோடியாகச் சொல்லத்தக்கது, ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் தம் இல்லத்தில் நடத்திய வட்டத்தொட்டி. வீட்டு முற்றத்தில் நண்பர்கள் வட்டமாக அமர, கம்பனுடைய செய்யுள் ஒன்றை டி.கே.சி. திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லி அனுபவிப்பதும், வந்தவர்கள் அதில் திளைப்பதும், விருந்தோம்பலுக்குக் குறைவில்லாமல் பொழுது போவதும் அங்கே வழக்கம். பின்னாளில் அவர் குற்றாலத்தில் வசித்தபோது ராஜாஜியும் கல்கியும் தேடிச் சென்றது அருவிக்காக மட்டும் அல்ல. பதவியோ பட்டமோ பாராமல், ரசனை ஒன்றையே அனுமதிச் சீட்டாகக் கேட்ட சபை அது.

ஆயினும் பழைய சபைகளைப் புகழும்போது, அடுக்களையை எட்டிப் பார்க்காமல் விடுவது நியாயமாகாது. ஆண்கள் முற்றத்தில் கவிதையில் லயித்திருக்க, பெண்கள் உள்ளே அடுப்பில் வெந்துகொண்டிருந்த வீடுகள் நம் நாட்டில் அநேகம்; தோசை வார்த்துக் கொண்டிருப்பவர் எந்தக் காண்டத்தை எப்படிக் கேட்பார்? குறுக்கிடும் உரிமையே வட்டத்தின் உயிர் என்றால், சமைப்பவருக்கு அந்த உரிமை இல்லாத வட்டம் பாதி உயிரோடு இருப்பதாகும். எங்கள் ஏற்பாடு எளிது: யார் நூலைத் தேர்கிறாரோ அவரே அன்று சமைப்பார், அவர் வங்கி அதிகாரியானாலும் சரி, கூட்டம் தொடங்குமுன் அடுப்பு அணைந்துவிட வேண்டும். இந்த விதிக்கு இவ்வூர்க் குடலை இட்லி மிகவும் உகந்தது. மிளகும் சீரகமும் சுக்கும் நெய்யும் சேர்ந்த மாவை, மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் ஊற்றி, மணிக்கணக்கில் ஆவியில் வேகவைத்து, வரதராஜப் பெருமாளுக்கு நிவேதனம் செய்கிறார்களே, அதே பக்குவத்தில் வீட்டில் செய்தாலும், வெட்டி வைத்த துண்டுகள் ஆறிய பிறகும் ருசி குன்றுவதில்லை. சுடச்சுடப் பரிமாற ஒருவர் எழுந்து எழுந்து ஓட வேண்டியதும் இல்லை.

சேர்ந்து உண்பது அற்ப விஷயம் என்று எண்ணுகிறவர்கள், வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தை நினைத்துக்கொள்ள வேண்டும். உயர்ந்த நோக்கத்தோடு 1922இல் தொடங்கிய அந்த நிலையத்தில், இரண்டு பிராமணச் சிறுவர்களுக்குத் தனியே உணவிடப்பட்டது என்பதே 1924–25ஆம் ஆண்டுகளில் தமிழ்நாட்டு அரசியலைக் கலக்கிய பெரும் விவாதமாயிற்று. பாடம் பொதுவாயிருந்தும் பந்தி பொதுவாக இல்லாததால் ஒரு கல்விச்சாலையே ஆட்டங்கண்டது. உனக்குச் சமமாக என் இலை விழாத இடத்தில், உனக்குச் சமமாக என் கேள்வியும் எழாது. ஆகையால் வாசகர் வட்டத்தில் உணவு அலங்காரமன்று. அங்கே பேசும் உரிமை அனைவருக்கும் ஒன்றே என்பதற்கு அதுவே பிணை.

வட்டம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று கேட்டால், ஒரு பானைச் சோற்றுக்கு அடங்கும் அளவு என்பேன். லண்டனில் 1764இல் சாமுவேல் ஜான்சனும் ஓவியர் ஜோஷுவா ரேனால்ட்ஸும் தொடங்கிய சங்கம், வாரந்தோறும் ஓர் உணவு விடுதியில் இராப்போஜனத்துக்குக் கூடியது. அதன் ஆதி அங்கத்தினர் ஒன்பதே பேர். எட்மண்ட் பர்க்கும் ஆலிவர் கோல்ட்ஸ்மித்தும் அவர்களுள் இருந்தனர். கூட்டம் பெருகினால் ஒலிபெருக்கி வரும். ஒலிபெருக்கி வந்தால் ஒருவர் பேச மற்றவர் கேட்க வேண்டிவரும். பிறகு பொன்னாடைக்கு வெகு தூரமில்லை.

இது வெறும் தீனிக் கூட்டமாகிவிடாதா என்று சிலர் ஐயுறலாம். ஆகக்கூடும், சில மாலைகளில் நூல் மூடியபடியே இருந்து, ஊறுகாய் மட்டுமே விமரிசிக்கப்பட்டதும் உண்டு. அதனால் குடி முழுகிவிடவில்லை. கடமைக்காகப் பத்து நூல்களைப் புரட்டி ஒன்றும் மிஞ்சாதவரைவிட, ஆசையோடு ஒரு நூலைப் பாதி படித்து அதற்காகச் சண்டை போட்டவரே அதன் மறுபாதியைத் தேடிப் போகிறார்.

ஆகவே, இத்தகைய வட்டம் தொடங்க விரும்புகிறவர்கள் சங்கத்தைப் பதிவு செய்யவும் வேண்டாம், ரசீதுப் புத்தகம் அச்சிடவும் வேண்டாம், தலைவரைத் தேடவும் வேண்டாம். ஒரு நூலையும் ஒரு வேளைச் சமையலையும் ஏற்றுக்கொள்ள ஒருவர் முன்வந்தால் போதும். அவர் குழம்பில் உப்புக் குறைந்திருந்தால் முதல் நாளே அதைச் சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டு அவர் சிரித்தார் என்றால், அவர் தேர்ந்த நூலிலும் குறை சொல்லலாம், வட்டம் நெடுநாள் நிலைக்கும்.