கரியும் காணியும்

மறுநடவுக்காகப் பழைய பால்மரங்களைச் சாய்க்கும் தோட்டங்களில் நடுமரமெல்லாம் லாரியேறி மர ஆலைக்குப் போய்விடுகிறது. கிளையும் கொம்பும் சுள்ளியும் நிரை நிரையாக ஒதுக்கப்பட்டு மழையில் மக்கிக் கிடக்கின்றன. முன்பெல்லாம் அவற்றைத் தீயிட்டுப் பொசுக்கினார்கள். 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1998-இல் திருத்தப்பட்ட பின்னர் அதற்குத் தடை வந்துவிட்டது. வீணாகும் இந்தக் கொம்புகளைக் கரியாக்கித் தொழிலாளி தன் லயத்துக் காய்கறிப் பாத்தியை வளப்படுத்திக்கொள்ளலாம். அதற்கு நிர்வாகங்கள் இடங்கொடுக்க வேண்டும். இதுவே நாம் சொல்ல வந்தது.

மண்ணில் இடுவதற்கென்றே சுடப்படும் கரிக்கு இன்று 'பயோசார்' என்று பெயர். பெயர்தான் புதிது. உமிக்கரியால் பல் துலக்கிய பாட்டிமாரின் வழியில் வந்த நமக்குப் பொருள் புதிதன்று. அமேசான் காட்டுப் பகுதியில், ஐரோப்பியர் கால் வைப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே, அவ்விடத்துக் குடிகள் கரியும் எலும்பும் குப்பையும் சேர்த்து உண்டாக்கிய கறுப்பு மண் இன்றும் வளங்குன்றாமல் இருக்கிறது.

கூலிமிலிருந்து பாலிங் வரை நம் தோட்டங்களின் மண் பெரும்பாலும் புளிப்பு மண். போட்ட உரத்தை அடுத்த மழை அடித்துக்கொண்டு போய்விடும். கரியின் நுண்துளைகள் நீரையும் உரச்சத்தையும் பிடித்து வைக்கும். அதோடு கலந்துள்ள சாம்பல் புளிப்பைத் தணிக்கும். பல நாட்டுப் பரிசோதனைகளைத் தொகுத்து 2017-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, வெப்ப நாடுகளில் கரியிட்ட நிலங்களின் விளைச்சல் சராசரி 25 விழுக்காடு கூடியதாகவும், குளிர் நாடுகளில் சொல்லத்தக்க பலன் இல்லை என்றும் கண்டது. இந்த ஒரு காரியத்திலாவது இயற்கை நம் பக்கம் நின்றிருக்கிறது!

செய்முறை கடினமன்று. மேல்வாய் அகன்று அடி குறுகிய குழி வெட்ட வேண்டும். இடுப்பளவு ஆழம் போதும். பச்சைக் கொம்பு உதவாது. புகையும், கண்ணைக் கரிக்கும். சில வாரம் காய்ந்த, மணிக்கட்டுப் பருமனுக்கு மேற்படாத கொம்புகளை அடியில் மூட்டி, நன்றாக அனல் பிடித்ததும் மேலே மெல்லிய அடுக்காகப் பரப்ப வேண்டும். அந்த அடுக்கின்மேல் வெண்சாம்பல் படரத் தொடங்கும் தருணமே அடுத்த அடுக்கைப் போடும் தருணம். மேலெரியும் சுவாலை காற்றைத் தின்றுவிடுவதால் அடியிலுள்ள கரி சாம்பலாகாமல் தப்பும். குழி நிரம்பியதும் தண்ணீர் ஊற்றி முழுவதும் அணைக்க வேண்டும். அரைகுறையாக அணைத்தால் இரவில் மீண்டும் கனன்று, விடியற்காலையில் பெரட்டுக்குப் புறப்படும்போது குழியில் சாம்பல்தான் மிஞ்சும்.

கரியை அப்படியே மண்ணில் கொட்டுவது மடமை. வெறுங்கரி மண்ணிலுள்ள சத்தையே முதலில் உறிஞ்சிக்கொள்ளும். நொறுக்கி, சாணக் கரைசலிலோ மாட்டுக் கோமியத்திலோ இரண்டு வாரம் ஊறவைத்து, மக்கிய குப்பையோடு கலந்து இட வேண்டும். சதுர மீட்டருக்கு 1 கிலோ போதுமானது. 20 அடிக்கு 20 அடிப் பாத்திக்குச் சுமார் 37 கிலோ கரி. காய்ந்த கொம்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே கரியாகுமாதலால் அதற்கு 200 கிலோ கொம்பு வரை வேண்டியிருக்கும். ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. பலகை ஆலைக் கழிவை மட்டும் தொடவேண்டாம்: ரப்பர்ப் பலகையைப் பூச்சி அரிக்காதிருக்கப் போரான் மருந்து ஏற்றுவார்கள், அது மிகுந்தால் பயிரைக் கெடுக்கும். கொட்டகைக்குள்ளோ வீட்டருகிலோ கரி சுடுவதும் கூடாது. அந்த நச்சுப் புகை ஆளைக் கொல்லும்.

சட்டத்தையும் மறந்துவிடலாகாது. குழியில் எரிப்பதும் வெளியில் எரிப்பதாகக் கொள்ளப்படலாம். அபராதமும் சிறையும் கடுமையானவை. ஆகவே எழுத்து மூலமான அனுமதி கையில் வராமல் எவரும் தீக்குச்சியைக் கிழிக்க வேண்டாம். அந்த அனுமதியைச் சுற்றுச்சூழல் இலாகாவிடம் கேட்டுப் பெறுவது நிர்வாகத்தின் பொறுப்பாக இருக்கட்டும். மரம் அவர்களுடையது, நிலமும் அவர்களுடையது.

நிலம் அவர்களுடையது என்றோம். சிக்கல் அங்கேதான் இருக்கிறது. மண்ணில் கலந்த கரி நூற்றாண்டுக் கணக்கில் நிலைத்திருக்கும். லயத்துப் பாத்தியில் நம் உரிமை எத்தனை நாள்? வேலை முடிந்தால் வீடு போகும். தோட்டம் கைமாறினால் முருங்கையும் கத்தரியும் புல்டோசருக்கு இரையாகும். ஜப்பானியர் காலத்தில் மரவள்ளி நட்டுக் குடும்பத்தின் உயிரைக் காத்த தலைமுறைக்கும் அந்த மண்ணில் ஒரு சாண் சொந்தமாகவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் தெருவில் நின்ற காலத்தில், 1960-இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் முதன்முதலில் வாங்கியது நம் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தை என்பதை இளைஞர்கள் அறிய வேண்டும். நிலம் கையிலிருந்தால்தான் மண்ணைப் பேணும் உழைப்புக்குப் பொருளுண்டு என்பதை அன்றே உணர்ந்திருந்தார்கள்.

இன்னொன்றும் உண்டு. மண்ணில் புதைத்த கரி, காற்றிலிருந்து நீங்கிய கார்பன் என்று கணக்கிடப்பட்டு, அந்தக் கணக்கு டன் கணக்கில் விலைக்குப் போகிறது. பெரிய கம்பெனிகள் வாங்குகின்றன. நாளை ஒரு நிர்வாகம் நம் ஆட்களைக் கொண்டு கரி சுட்டு அந்தக் கணக்கை விற்குமானால், சுட்டவனுக்கு நாட்கூலி மட்டும் என்பதை நாம் ஏற்கமாட்டோம். வியர்வை ஒருவனுக்கு, வெள்ளி ஒருவனுக்கு என்ற பழைய கணக்கு இதிலும் நுழையக்கூடாது.

எனவே நாம் கேட்பது அதிகமன்று. மரஞ்சாய்க்கும் காண்டிராக்டில் கொம்பும் சுள்ளியும் லயத்துக் குடும்பங்களுக்கு என்று ஒரு வரி சேர்க்கப்படட்டும். பாத்தி நிலம் இன்னாருக்கு, இத்தனை ஆண்டுக்கு, எடுத்துக்கொண்டால் இன்ன நஷ்டஈடு என்று எழுத்தில் வரட்டும். கரிக் கணக்கின் வருமானத்தில் தொழிலாளர் பங்கு அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் இடம் பெறட்டும். எந்தப் பிரிவு எப்போது சாய்க்கப்படும் என்பது ஆபீசில் இருக்கும் கிராணிமாருக்கே முதலில் தெரியும். அவர்கள் அதைக் கிளைச் செயலாளரிடம் மரம் விழுவதற்கு முன்பே சொல்லிவிட்டால், மனு எழுத நமக்கு நாளிருக்கும்.