சவர்க்காரமும் பள்ளி வரவும்

தோட்டத்துப் பிள்ளை பள்ளிக்கு வராத நாட்களுக்கெல்லாம் பெற்றோரின் அசட்டையே காரணம் என்று சொல்வோர் உண்டு. நாம் அதை ஒப்புவதற்கில்லை. வயிற்றுப்போக்கு, சளிக்காய்ச்சல், கண் நோய், கை கால் வாய்ப்புண் ஆகியவை பள்ளி நாட்களை விழுங்குகின்றன. பிள்ளை படுத்தால் தாயும் மரம் சீவப் போக முடிவதில்லை. அன்றைய சம்பளமும் போகிறது. ஆகவே, இது சுகாதாரப் பாடம் மட்டுமன்று, தொழிலாளியின் வருமானப் பிரச்சினையுமாகும்.

இந்நோய்கள் பரவும் வழிகளில் கை முக்கியமானது. 2008-ஆம் ஆண்டில் எகிப்தின் கெய்ரோ நகரில் 60 தொடக்கப் பள்ளிகளில் இதைச் சோதித்தார்கள். பாதிப் பள்ளிகளில் நாளுக்கு இருமுறையாவது ஆசிரியர் முன்னிலையில் சவர்க்காரம் போட்டுக் கை கழுவச் செய்தனர். மற்றப் பள்ளிகளைவிட அங்கு சளிக்காய்ச்சலால் ஏற்பட்ட விடுப்பு 40 சதவிகிதமும், வயிற்றுப்போக்கால் ஏற்பட்டது 30 சதவிகிதமும், கண் நோயால் ஏற்பட்டது 67 சதவிகிதமும் குறைந்தன.

வெறும் தண்ணீர் போதாது. மீன் தொட்ட கையின் பிசுக்கு தண்ணீரில் மட்டும் போவதில்லை என்பது நம் தாய்மாருக்குத் தெரியும். கிருமியும் அப்படித்தான். சவர்க்காரம் போட்டு 20 விநாடி தேய்த்தால்தான் அழுக்கோடு கிளம்பும். புட்டியில் விற்கும் கைத்திரவம் கை கால் வாய்ப்புண்ணின் கிருமியிடம் சரியாகப் பலிப்பதில்லை. அந்நோய் 1997-இல் சரவாக்கில் குழந்தைகளின் உயிரையே பறித்தது என்பதை மறக்கலாகாது.

பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. கொட்டகை போட்டுக் கடமையை முடித்த நிர்வாகங்கள் அன்று பல. இன்றும் நிலம் தோட்டத்தினுடையது, பள்ளி அரசாங்கத்தினுடையது என்று ஒருவர் மேல் ஒருவர் சாட்டிக்கொண்டிருந்தால், குழாய் வறண்டே கிடக்கும்.

நாம் கேட்பது பெரிதன்று. கழிப்பறைக்கும் சிற்றுண்டிச்சாலைக்கும் அருகே, சின்னப் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் தண்ணீர் வரும் குழாய் வேண்டும். அங்கே என்றும் சவர்க்காரம் இருக்க வேண்டும். கிளைச் செயலாளர்கள் இதை நிர்வாகத்திடமும் பள்ளியிடமும் எழுத்து மூலம் கேட்கட்டும். கிராணிமார் கடிதம் எழுத உதவட்டும். பதில் வரும்வரை பெற்றோர் முறை வைத்துச் சவர்க்காரம் கொடுக்கட்டும். ஆனால், அது தருமமாகவே நிலைத்துவிடக் கூடாது. உழைப்பவன் பிள்ளைக்குச் சுத்தமான தண்ணீரும் ஒரு துண்டு சவர்க்காரமும் சலுகையல்ல, உரிமை!