சிற்றூர் மேடை வெறும் வேஷமா?

தேர்தல் நேரத்தில் தலைவர்கள் சிற்றூர்களுக்குப் போவதெல்லாம் வெறும் வேஷம் என்று படித்தவர்கள் பலர் நம்புகிறார்கள். டிராக்டரில் ஏறி ஒரு படம், விவசாயியின் தோளில் கைபோட்டு ஒரு படம், அத்தோடு சரி. கொள்கை பிறப்பது தலைநகரத்தில், நிபுணர்களின் மேஜையில் என்கிறார்கள். இந்த நம்பிக்கை தவறானது. கேடு விளைவிப்பதும்கூட.

கனடாவின் சஸ்காட்செவான் மாகாணத்தைப் பாருங்கள். கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமை வயல், ரயில் பாதையோரம் தானியக் கிடங்கு, அதையொட்டி ஒரு சிற்றூர் என்று விரியும் பிரெய்ரி சமவெளி அது. 1959 ஏப்ரலில் பர்ச் ஹில்ஸ் என்ற ஊருக்கு இடைத்தேர்தல் பிரசாரத்துக்கு வந்தார் மாகாண முதல்வர் டாமி டக்ளஸ். மாகாண மக்கள் அனைவருக்கும் மருத்துவக் காப்பீடு என்ற திட்டத்தை அவர் அறிவித்தது அந்த ஊர்க் கூட்டத்தில்தான்.

1960 பொதுத்தேர்தலே அந்தத் திட்டத்தின் மீதான வாக்கெடுப்பானது. மருத்துவர் அமைப்பு பணம் திரட்டி எதிர்ப் பிரசாரம் செய்தது. ஆனாலும் டக்ளஸின் கட்சி வென்றது. 1962 ஜூலை 1 அன்று திட்டம் தொடங்கியதும் மருத்துவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 23 நாள் இழுபறிக்குப் பின் சில விட்டுக்கொடுத்தல்களோடு திட்டம் நிலைத்தது. 1966இல் கனடா நாடாளுமன்றம் அதை நாடு முழுமைக்குமான சட்டமாக்கியது.

அந்த யோசனைக்கு வழிகாட்டியதும் சிற்றூர்களே. 1914இல் சார்னியா என்ற கிராமப்புற நகராட்சி, தங்கள் மருத்துவர் ஊரைவிட்டுப் போய்விடாதிருக்க, வரிப் பணத்திலிருந்து ஆண்டுக்கு 1,500 டாலர் தர முன்வந்தது. விளைச்சல் பொய்த்த ஆண்டில் நோயாளியிடம் காசு இருக்காது, காசில்லாத ஊரில் மருத்துவர் தங்கமாட்டார் என்பதை அந்த விவசாயிகள் பட்டு அறிந்திருந்தார்கள். மற்ற ஊர்களும் அதே வழியில் போயின. 1946இல் ஸ்விஃப்ட் கரண்ட் வட்டாரம் முழுவதும் வரிப் பணத்தில் மருத்துவம் கிடைத்தது. முதல்வர் மேடையில் சொன்னது, கேட்டுக்கொண்டிருந்தவர்களைப் போன்ற விவசாயிகள் ஏற்கெனவே நடத்திக் காட்டியதை.

"நூற்றில் ஒன்று அப்படி நடக்கலாம், மற்றதெல்லாம் நாடகம்தானே?" என்று கேட்பீர்கள். நாடகம் நிறையவே நடக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கூட்டம் நாடகமா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது ஊரின் சிறிய அளவா? இல்லை, ஊராரின் பழக்கம். சஸ்காட்செவான் விவசாயிகள் கோதுமைக் கூட்டுறவையும் பள்ளி வாரியத்தையும் டெலிபோன் கம்பெனியையும் தாங்களே நடத்தியவர்கள். கணக்குக் கேட்டுப் பழகியவர்கள். அந்த மாகாண அரசியலை ஆராய்ந்த லிப்செட், 1950இல் வெளியிட்ட நூலில் இந்தப் பழக்கத்தைத்தான் அதன் பலமாகக் கண்டார்.

எல்லாம் வேஷம் என்று முன்கூட்டியே முடிவு கட்டியவன் கேள்வி கேட்பதில்லை. கேள்வி கேட்க ஆளில்லாத ஊருக்கு வருகிற தலைவர், கையசைத்துவிட்டுப் போகத்தான் செய்வார். சிற்றூர் மேடையை ஏளனம் செய்கிறவர்கள், வாக்காளர் வேட்பாளரை நேருக்கு நேர் மடக்கக் கிடைக்கும் அரிய வாய்ப்பைத் தாங்களே பறிகொடுக்கிறார்கள். அடுத்த முறை தலைவர் ஊருக்கு வரும்போது, என்ன செய்வீர்கள், எப்போது செய்வீர்கள், பணம் எங்கிருந்து வரும் என்று எழுந்து கேளுங்கள். சொன்ன வாக்கை அடுத்த தேர்தல்வரை விடாமல் துரத்துங்கள்.