நிபா பயத்தில் வவ்வால் மரத்தை வெட்டலாமா?



கேரளாவில் நிபா காய்ச்சல் என்று செய்தி வந்ததும், எல்லையோர மாவட்ட விவசாயிகள் எங்களிடம் முதலில் கேட்பது இதுதான்: "எங்க ஊர் ஆலமரத்துல நூத்துக்கணக்குல வவ்வால் தொங்குது. மரத்தை வெட்டிடலாமா, வெடி போட்டு விரட்டிடலாமா?"

2018-ல் கோழிக்கோடு, மலப்புரம் மாவட்டங்களில் 17 பேர் இறந்தார்கள். அதன்பின் 2019, 2021, 2023, 2024, 2025 ஆகிய ஆண்டுகளிலும் கேரளாவில் நோய் தலைகாட்டியது. அதனால் உங்கள் பயம் நியாயமானதுதான். ஆனால் மரத்தை வெட்டுவதும் வவ்வாலை விரட்டுவதும் ஆபத்தைக் குறைக்காது. கூட்டவே செய்யும்.

எந்த வவ்வால்?

வவ்வாலில் இரண்டு பிரிவு உண்டு. கோயில் மண்டபம், பாழடைந்த வீடு, கிணற்றுப் பொந்துகளில் தங்கும் சிறிய வவ்வால்கள் பெரும்பாலும் பூச்சி தின்பவை. நம் காதுக்குக் கேட்காத ஒலியை எழுப்பி, அதன் எதிரொலியை வைத்து இருட்டில் பூச்சி பிடிக்கும். ஆலமரம், மருதமரம், புளியமரத்தில் பகலெல்லாம் கூட்டமாகத் தொங்கும் பெரிய வவ்வால்கள் பழந்தின்னிகள். இவை கண்ணாலும் மூக்காலும் இரை தேடும். நிபா கிருமி இயற்கையாக வாழ்வது இந்தப் பழந்தின்னிகளிடம்தான்.

2018-ல் நோய் வந்த வீட்டுக் கிணற்றில் பிடித்த வவ்வால்களில் கிருமி இல்லை. அவை பூச்சி தின்பவை. பிறகு அந்த வட்டாரத்தில் பிடித்த பழந்தின்னிகளில்தான் கிருமி இருந்தது.

கிருமி எப்படித் தாவுகிறது?

நிபா முதலில் வெடித்தது 1998-99-ல், மலேசியாவின் பன்றிப் பண்ணைகளில். பண்ணைக் கொட்டகைகளை ஒட்டி மாமரம் போன்ற பழமரங்கள் நின்றன. வவ்வால் கடித்துப் போட்ட பழத்தைப் பன்றி தின்றது. பன்றியிடமிருந்து மனிதனுக்கு வந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சுமார் 10 லட்சம் பன்றிகளை அழிக்க நேர்ந்தது. வங்கதேசத்தில் ஈச்சமரத்தில் இறக்கும் பச்சைச் சாறு வழியாக வந்தது. இரவில் வவ்வால் சாற்றை நக்கும், பானையில் சிறுநீர் கழிக்கும். காலையில் மனிதர்கள் அதை அப்படியே குடிப்பார்கள்.

இரண்டு இடத்திலும் நோய்க்கு வழி விட்டது மரத்தில் தொங்கிய வவ்வால் அல்ல, அதன் எச்சில் பட்ட உணவு. நாம் அடைக்க வேண்டிய வழியும் அதுதான்.

விரட்டினால் என்ன ஆகும்?

உகாண்டாவில் கிட்டாகா என்ற சுரங்கத்தில் வேலை செய்தவர்களுக்கு 2007-ல் மார்பர்க் என்ற கொடிய காய்ச்சல் வந்தது. அதைச் சுமந்தவை அங்கிருந்த பழந்தின்னி வவ்வால்கள். அவற்றைக் கூட்டத்தோடு அழித்தார்கள். சில ஆண்டுகளில் வேறு வவ்வால்கள் வந்து குடியேறின. முன்பு 100-க்கு 5 வவ்வால்களில் இருந்த கிருமி, இப்போது 13-ல் இருந்தது. 2012-ல் அருகிலுள்ள ஊரில் அதே நோய் இன்னும் பெரிதாக வெடித்தது.

ஆஸ்திரேலியாவில் நிபாவின் பங்காளியான ஹெண்ட்ரா கிருமி பழந்தின்னிகளிடமிருந்து குதிரைகளுக்குத் தாவுகிறது. காடு அழிந்து இரை குறைந்த காலங்களில்தான் அது அதிகம் நடந்திருக்கிறது. பட்டினியும் பதற்றமுமாக இருக்கும் வவ்வால் கிருமியை அதிகம் வெளியேற்றும். ஒரே மரத்தில் இருந்த கூட்டத்தை விரட்டினால், பத்து தோப்புகளுக்குப் பிரிந்து போகும்.

விவசாயிக்கு நஷ்டமும் உண்டு. இலுப்பை, இலவம் பூக்களில் மகரந்தச் சேர்க்கை செய்வது வவ்வால். பூச்சி தின்னும் வவ்வால் நெல் புகையான், அந்துப்பூச்சிகளைப் பிடிக்கும். அமெரிக்காவில் பூஞ்சண நோயால் வவ்வால்கள் மடிந்த பகுதிகளில் விவசாயிகளின் பூச்சிமருந்துப் பயன்பாடு 31 சதவீதம் கூடியதாக 2024-ல் வெளியான ஆய்வு காட்டியது. பழந்தின்னி ஆண்டுக்கு ஒரு குட்டிதான் போடும். ஒரு கூட்டம் அழிந்தால் மீள்வது கடினம்.

சட்டமும் மாறிவிட்டது. முன்பு பழந்தின்னிகள் எலி, காகத்தோடு சேர்த்து, கொல்லத் தடையில்லாத பட்டியலில் இருந்தன. 2022 வனவிலங்குச் சட்டத் திருத்தம் அந்தப் பட்டியலையே நீக்கியது. 2023 ஏப்ரல் 1 முதல் அது அமலில் உள்ளது. எனவே வனத்துறையிடம் கேட்காமல் எதுவும் செய்யாதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

* மா, கொய்யா, சப்போட்டாவை மரத்திலேயே பழுக்க விடாமல், முற்றியதும் பறித்துவிடுங்கள். வவ்வால் தேடி வருவது கனிந்த பழத்தை. கொய்யா, மாவுக்குப் பை கட்டலாம்.
* வலை போட்டால் சிறிய கண்ணுள்ள வலையை விறைப்பாகக் கட்டுங்கள். தொளதொளவென்று தொங்கும் வலையில் சிக்கிய வவ்வாலை எடுக்கப் போனால் கடிபடுவீர்கள்.
* கடிபட்டு விழுந்த பழத்தைக் கையுறை போட்டுப் பொறுக்கிக் குழியில் புதையுங்கள். பன்றி, ஆடு, மாட்டுக்குப் போடாதீர்கள். "கடித்த பழம் இனிக்கும்" என்று பிள்ளைகள் தின்பதைத் தடுங்கள்.
* பழமரத்தடியில் பன்றிக் கொட்டகை, தீவனத் தொட்டி வேண்டாம்.
* பதநீர் இறக்குவோர் பாளையையும் கலயத்தின் வாயையும் சேர்த்து ஓலைத் தட்டியாலோ வலையாலோ மூடுங்கள். காய்ச்சினால் கிருமி சாகும். அதனால் கருப்பட்டி பற்றிக் கவலை இல்லை.
* வவ்வாலை வெறும் கையால் தொடாதீர்கள். கடித்தால் சோப்பு போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, உடனே ஆரம்ப சுகாதார நிலையம் செல்லுங்கள்.
* நோய் வந்த பகுதிக்குப் போய்வந்த பின் காய்ச்சலோடு கடும் தலைவலி, குழப்பம், மூச்சுத்திணறல் இருந்தால், போய்வந்ததை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நிபா நோயாளியைக் கவனிப்பவருக்கும் தொற்றும்.

ஆகவே அரிவாளை மரத்தடியிலேயே வைத்துவிட்டு, முதலில் தோப்பில் விழுந்து கிடக்கும் பழத்தைப் பொறுக்குங்கள். தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் தங்கள் ஊர் வவ்வால்களைக் காத்துவரும் கிராமங்கள் நம் தமிழ்நாட்டிலேயே உண்டு. மரத்தில் வவ்வால் இருக்கட்டும், நம் உணவில் அதன் எச்சில் படாமல் பார்த்துக்கொள்வோம்.