புதுக் கணினிக்குக் காய்ச்சல்

பழைய பாண்டியைப் பற்றி எழுதுவதை இந்த ஒரு முறை ஒத்திவைக்கிறேன். பத்து நாட்களாக எங்கள் வீட்டில் பேச்செல்லாம் ஒரு கறுப்புப் பெட்டியைப் பற்றித்தான். மகள் வயிற்றுப் பேரன், பொறியியல் இரண்டாம் ஆண்டு படிப்பவன், கேம் விளையாடுவதற்கென்று ஒரு கணினியைத் தன் கையாலேயே பூட்டினான். கடையில் முழுசாக வாங்கவில்லை. ப்ராசஸர் ஓரிடம், கிராபிக்ஸ் கார்டு ஓரிடம், கேபினெட் ஓரிடம் என்று மூன்று மாதம் விலை விசாரித்துச் சேர்த்தான். மொத்தச் செலவு 74,000 ரூபாய். இரண்டு வருடம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த பணம் பெரும்பகுதி. என் பென்ஷனிலிருந்து 15,000.

பூட்டிய அன்று விளக்கெல்லாம் எரிந்தது, திரையில் படம் வந்தது, வீட்டில் பாயசம் வைத்தார்கள். மறுநாளே புலம்பல் தொடங்கியது. விளையாட ஆரம்பித்துப் பத்து நிமிடத்துக்குள் படம் திக்கித் திக்கி ஓடுகிறது. மின்விசிறிகள் மாவு மில் மாதிரி இரைகின்றன. பெட்டியின் மேல் கை வைத்தால் சுடுகிறது. நண்பனுடைய நாலு வருடப் பழைய கணினியே இதைவிட நன்றாக ஓடுகிறதாம்.

பிறகு நடந்ததைத்தான் சொல்ல வந்தேன். ஆளுக்கொரு தீர்ப்பு. ஒரு கடைக்காரர், "ப்ராசஸர் சூடு தாங்கல, வாட்டர் கூலிங் போட்டுடுங்க, எட்டாயிரம் ஆகும்" என்றார். இன்னொருவர் பவர் சப்ளை சரியில்லை, மாற்ற வேண்டும் என்றார். நண்பர்கள் கிராபிக்ஸ் கார்டு போலி என்றார்கள். மாப்பிள்ளை, "இவனுக்கு எதுக்கு இந்த வேலை, வந்த விலைக்கு வித்துட்டு ஒரு நல்ல லேப்டாப் வாங்கிக்கட்டும் மாமா" என்றார். ஐந்து பேர் பேசினார்கள். ஒருவரும் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை.

பையன் மூன்றாம் நாள் ராத்திரி என் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தான். "எனக்கு இதெல்லாம் வராது தாத்தா" என்றான். 74,000 ரூபாயைவிட அந்த ஒரு வார்த்தைதான் எனக்குப் பெரிய நஷ்டமாகத் தெரிந்தது.

எனக்குக் கணினி பற்றி என்ன தெரியும்? நான் படித்தது பிரெஞ்சு வழியில். 1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது நான் சின்னப் பையன். பிறகு அரசு வேலைக்கு வந்தபோது, பிரெஞ்சு தெரியும் என்பதால் பழைய பிறப்பு, திருமணப் பதிவேடுகள் இருந்த செக்ஷனில் போட்டார்கள். எழுத்தரின் வேலை ஒன்றுதான். ஃபைலை முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும், கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். அதை வைத்துக்கொண்டுதான் பேரனோடு உட்கார்ந்தேன்.

"காய்ச்சல்னு சொல்றீங்களே, எத்தனை டிகிரி? தெர்மாமீட்டர் இருக்கா?" என்று கேட்டேன். இருந்தது. ப்ராசஸருக்குள்ளேயே வெப்பம் அளக்கும் சென்சார் உண்டு. அதைப் படித்துக் காட்ட ஹெச்டபிள்யூ இன்ஃபோ என்று ஒரு இலவச மென்பொருளும் உண்டு. அதுவரை யாரும் அதைப் போட்டுப் பார்க்கவில்லை. போட்டோம். அறையில் 33 டிகிரி. கணினி சும்மா இருக்கும்போதே ப்ராசஸர் 64. விளையாட்டைத் தொடங்கிய அரை நிமிடத்தில் 100.

அவன் வைத்திருப்பது இன்டெல் கோர் ஐ5-12400. அதற்கு அனுமதித்த உச்ச வெப்பமே 100 டிகிரிதான். அந்த எல்லையைத் தொட்டதும் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 4.4 கிகாஹெர்ட்ஸ் வரை ஓடக்கூடியது, எங்கள் கண் முன்னால் 2-க்கும் கீழே இறங்கியது. அப்படியும் சூடு அடங்காவிட்டால் கணினி தானாகவே அணைந்துவிடும். கத்திரி வெயிலில் கூலி வேலை செய்கிறவர் மரத்தடியில் சற்று உட்காருவது போலத்தான் இதுவும். அதைச் சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால் நாம் ஒப்புக்கொள்வோமா? சூடு ஒரு கோளாறு, வேகக் குறைவு இன்னொரு கோளாறு என்று வீட்டில் இரண்டு வழக்காக நடத்திக்கொண்டிருந்தார்கள். பெரும்பகுதி ஒரே வழக்கு. சூடு தீர்ந்தால்தான் வேகத்தைப் பற்றியே பேச முடியும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கோடு போட்டேன். நேரம், அறை வெப்பம், என்ன மாற்றினோம், ப்ராசஸர் வெப்பம். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம் என்று கண்டிப்பாகச் சொன்னேன். மூன்றை ஒன்றாக மாற்றிவிட்டுச் சரியானால், எதனால் சரியானது என்று தெரியாது. சரியாகாவிட்டால் அதுவும் தெரியாது.

முதல் மாற்றம், கேபினெட்டின் பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தோம். பெட்டிக்குள் காற்றோட்டம் இல்லாததுதான் காரணம் என்றால், திறந்ததும் வெப்பம் நன்றாக இறங்க வேண்டும். இறங்கவில்லை. அரை நிமிடத்துக்குப் பதில் முக்கால் நிமிடத்தில் 100.

இரண்டாவது பரிசோதனை என் மனைவியுடையது. "சட்டி சுடுதான்னு பாக்குற மாதிரி தொட்டுப் பாருங்களேன்" என்றாள். ப்ராசஸரின் மேல் ஒரு கூலர் நிற்கிறது. தகடு தகடாக அடுக்கிய உலோகம், அதில் ஒரு மின்விசிறி. எல்லாவற்றையும் அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அந்தத் தகடுகளைத் தொட்டேன். வெறும் வெதுவெதுப்பு. கீழே 100 டிகிரி கொதிக்கிறது, மேலே தகடு வெதுவெதுவென்று இருக்கிறது. அடுப்பு எரிகிறது, சட்டி சுடவில்லை என்றால் இரண்டுக்கும் நடுவில் ஏதோ இருக்கிறது என்று சமையலறையில் நிற்கிறவர்களுக்குத் தெரியாதா? தகடும் சேர்ந்து கொதித்திருந்தால் காற்றோட்டத்தைச் சந்தேகிக்கலாம். இது அதுவல்ல.

கூலரோடு வந்த விளக்கத் தாளைக் கேட்டேன். "வீடியோ பாத்துதான் மாட்டினேன் தாத்தா, பேப்பர் டப்பாலயே கிடக்கு" என்றான். எடுத்துப் பிரித்தேன். பத்துப் பன்னிரண்டு மொழிகளில் பொடி எழுத்து. ஆங்கிலம் எனக்கு மூன்றாவது மொழி. கண் தானாகப் பிரெஞ்சுப் பத்தியில் போய் நின்றது. முதல் வரியே, "ரெத்திரே லெ ஃபிலிம் ப்ரொத்தெக்த்தேர்." பாதுகாப்பு பிளாஸ்டிக் தாளை அகற்றவும்.

"டேய், அடியில ஒட்டியிருந்த பிளாஸ்டிக்க எடுத்தியா?"

அவன் பதில் சொல்லவில்லை. திருப்புளியை எடுத்தான்.

கூலரைக் கழற்றிப் பார்த்தால், செம்பு அடிப்பாகத்தில் கண்ணாடி போல ஒரு தாள், அதன் மேல் வெள்ளைப் பசை. கீறல் விழாமல் இருப்பதற்காகத் தொழிற்சாலையில் ஒட்டி அனுப்புவது. வெப்பத்தைக் கடத்த வேண்டிய இடத்தில் வெப்பத்தைத் தடுக்கும் பிளாஸ்டிக். பசை பூசியது சரி, திருகு முடுக்கியது சரி, எல்லாம் சரி, அந்த ஒரு தாள் மட்டும் பாக்கி. உரித்தோம். பழைய பசையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, பட்டாணி அளவு புது தெர்மல் பேஸ்ட் வைத்து, நான்கு மூலைத் திருகுகளையும் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினான். நோட்டில் எழுதினோம். அறை 33. சும்மா இருக்கும்போது 41. ஒரு மணி நேரம் விளையாடிய பிறகு 71. செலவு, பேஸ்டுக்கு 300 ரூபாய்.

அதற்குப் பிறகுதான் வேகத்தைப் பார்த்தோம். திக்கல் போய்விட்டது, ஆனாலும் எதிர்பார்த்த அளவு இல்லை. இப்போது பையனே மதர்போர்டு புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டான். இரண்டு ரேம் பட்டைகளையும் பக்கத்துப் பக்கத்துப் பள்ளங்களில் செருகியிருந்தான். ஒன்று விட்டு ஒன்று, இரண்டிலும் நாலிலும் செருக வேண்டும் என்று படம் போட்டிருந்தது. அப்போதுதான் இரண்டும் ஒரே நேரத்தில் இரு வழியாக வேலை செய்யும். மாற்றினான். அடுத்தது, 3200 என்று வாங்கிய ரேம் 2133-இல் ஓடிக்கொண்டிருந்தது. பயாஸில் எக்ஸ்.எம்.பி. என்ற அமைப்பை நாமே இயக்கினால்தான் காசு கொடுத்த வேகம் கிடைக்கும். கடைசியாக, நொடிக்கு 144 தடவை படம் மாற்றக்கூடிய திரை, விண்டோஸ் அமைப்பில் 60 என்றே கிடந்தது. மூன்றுக்கும் செலவு ஒரு காசு இல்லை.

இன்னும் ஒன்று என் பங்கு. அழகாக இருக்கட்டும் என்று பெட்டியை மேஜைக்கு அடியில் கதவு வைத்த அறைக்குள் திணித்தவர்கள் நாங்கள், பெரியவர்கள். வெளியே எடுத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தோம். மேலும் 4 டிகிரி இறங்கியது.

இனி என் கருத்து. ஒரு பொருள் சரியாக ஓடவில்லை என்றால் காசு கொடுத்து இன்னொன்றை மாட்டுவதுதான் வைத்தியம் என்று நம்மை யாரோ பழக்கிவிட்டார்கள். வாட்டர் கூலிங் கெட்ட பொருள் அல்ல. அளவுக்கு மீறி மின்சாரம் குடிக்கும் பெரிய ப்ராசஸருக்குத் தேவைப்படலாம். ஆனால் காற்றில் குளிர்வதானாலும் தண்ணீரில் குளிர்வதானாலும், வெப்பம் கடைசியில் இந்த அறைக்குள்தான் வந்து விழ வேண்டும். அறை 36 டிகிரி என்றால் இவை எதுவும் 36-க்குக் கீழே இறக்கப் போவதில்லை. அறை ஒரு டிகிரி ஏறினால் உள்ளேயும் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும். குளிர்நாட்டில் இருக்கிறவர் வீடியோவில் காட்டும் எண்ணைப் பார்த்துவிட்டு மே மாதத்துப் பாண்டியில் பதறுவதில் அர்த்தமில்லை. அளக்காமல் எட்டாயிரத்தை இறக்கியிருந்தால், புதுக் கூலரின் அடித் தாளை உரித்து மாட்டியிருப்பார்கள், சரியாகியிருக்கும். "பாத்தீங்களா, வாட்டர் கூலிங்தான் வேணும்" என்று ஊர் முழுக்கச் சொல்லியிருப்போம். பொய்யான பாடம் இப்படித்தான் உண்மை வேஷம் போடுகிறது.

"எழுபது வயசுக்கு மேல உனக்கு எதுக்குப்பா கேம் பெட்டி விவகாரம்? பசங்க கெட்டுப்போறதே அதனாலதானே" என்று கடற்கரை நடையில் நண்பர் ஒருவர் கேட்டார். நாள் முழுக்க விளையாடுவது தப்புதான், அதற்கு வீட்டில் நேரக் கணக்கு உண்டு. ஆனால் இந்தப் பையன் செய்தது விளையாட்டல்ல. சொந்தக் காசில், சொந்தக் கையில் ஒன்றை உண்டாக்கினான். அதைத் தூக்கி விற்றிருந்தால், தன் கை உருப்படாத கை என்பதுதான் அவன் அதிலிருந்து கற்றிருக்கும் ஒரே பாடம்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. நான் யு.டி.சி.யாக இருந்த காலத்தில் எங்கள் செக்ஷனில் ஒரு ஃபைல் எட்டு மாதம் காணவில்லை. மெதுவாக வேலை செய்வார் என்று பெயரெடுத்த ஒரு டைப்பிஸ்ட் மேல் எல்லோரும் கை காட்டினார்கள். விளக்கம் கேட்டு அவருக்கு மெமோ போனது. அந்த மெமோவை எழுதியவன் நான். அவர் மேஜையை நான் போய்ப் பார்க்கவில்லை. பின்னால் பார்த்தால், அந்த ஃபைலை வேறொரு ஃபைலோடு சேர்த்துத் தைத்துப் பீரோவில் வைத்திருந்தார்கள். தைத்தது வேறு ஆள். மெமோவைத் திரும்பப் பெற்றார்கள். அவர் ஓய்வு பெறும்வரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது அவர் உயிரோடு இல்லை.

பேரன் விஷயத்தில் மெமோ எழுதுவதற்கு முன் மேஜையைப் போய்ப் பார்த்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

நேற்று அவனுடைய கல்லூரித் தோழன் ஒருவன் தன் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தான். இதுவும் சூடாம், இதுவும் மெதுவாம். நான் ஊஞ்சலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் பையன் திருப்புளியைத் தொடவில்லை. நோட்டில் புதுப் பக்கம் திருப்பிக் கோடு போட்டுவிட்டு, "முதல்ல உங்க ரூம்ல எத்தனை டிகிரின்னு சொல்லு" என்று கேட்டான்.