மயிலாடி கேட்டது பள்ளிக்கூடம். முகாம்கள் தருவது என்ன?

கல்லூரிகள் ஊருக்குள் வரும் காலம் இது. ஏழு நாள் முகாம், தத்தெடுத்த கிராமம், விழிப்புணர்வுப் பேரணி, மரக்கன்று நடுதல் என்று மாணவர்கள் வந்து போவதைப் பார்க்காத ஊர் நம் மாவட்டத்தில் குறைவு. நல்ல காரியம்தான். ஆனால் அவர்கள் ஊரின் எந்தப் பகுதிக்கு வருகிறார்கள், எதைச் செய்துவிட்டுப் போகிறார்கள் என்று நாம் கேட்டாக வேண்டும்.

இதற்கான திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. நாட்டு நலப்பணித் திட்டம் 1969 செப்டம்பர் 24ஆம் தேதி, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. 2014இல் மத்திய அரசு 'உன்னத் பாரத் அபியான்' கொண்டுவந்தது. சேரும் கல்வி நிறுவனம் குறைந்தது ஐந்து கிராமங்களைத் தத்தெடுக்க வேண்டும். சமூக ஈடுபாட்டை மதிப்பெண்ணுள்ள பாடமாகவே நடத்தலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2020இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. 1990இல் தொடங்கிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள நம் மாவட்டக் கல்லூரிகளுக்கும் இவை பொருந்தும்.

சிக்கல் 'கிராமம்' என்ற சொல்லிலேயே தொடங்குகிறது. 2011 கணக்கெடுப்பின்படி குமரி மக்களில் 82 விழுக்காட்டினர் நகர்ப்புறக் கணக்கில் வருகிறார்கள். ஊராட்சிகள் 95 மட்டுமே. வயலும் குளமும் கூலி வேலையுமாக இருக்கும் ஊர்கள்கூடப் பேரூராட்சிகளாக உள்ளன. ஊராட்சியை மட்டும் கிராமம் என்று எடுத்துக்கொண்டால், பேரூராட்சி எல்லைக்குள் வாழும் தலித் குடும்பங்கள் முதல் படியிலேயே விடுபடுகின்றன.

அடுத்தது எண்ணிக்கை. மாநில மக்களில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. குமரியில் ஏறத்தாழ 4 விழுக்காடு. 'இங்கே தலித் பிரச்சினை பெரிதாக இல்லை' என்று சொல்ல இந்த எண்ணே காட்டப்படுகிறது. ஆனால் 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையால், கிறிஸ்தவத்துக்கு மாறிய குடும்பங்கள் பட்டியலுக்கு வெளியே நிற்கின்றன. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர். இரண்டு நூற்றாண்டு மிஷன் வரலாறு உள்ள நம் மாவட்டத்தில் அப்படிப்பட்டவர்கள் கொஞ்சமல்ல. கோயிலுக்குப் போகும் அண்ணன் பட்டியலுக்குள்ளும், சபைக்குப் போகும் தம்பி வெளியிலும் இருக்கலாம். இருவரும் குடியிருப்பது ஒரே தெருவில்.

மாவட்ட எழுத்தறிவு 91.75 விழுக்காடு, 2011இல் மாநிலத்தில் முதலிடம். இந்தச் சராசரிக்குள் எந்தத் தெரு பின்தங்கி நிற்கிறது என்று தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத் தெருத்தெருவாகப் போக வேண்டும். அந்த வேலைக்கு மாணவர்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்?

இங்கே நம் வரலாற்றை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. கல்லூரி ஊரைத் தேடி வந்தது பிற்காலக் கதை. முதலில் ஊர்தான் கல்வியைத் தேடிப் போனது. மயிலாடியைச் சேர்ந்த சாம்பவர் சமூகத்து மகாராசன் வேதமாணிக்கம் தஞ்சாவூர் வரை சென்று மிஷனரிகளிடம் ஆள் கேட்டார். 1806இல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தார். அங்கே எழுந்த பள்ளியின் தொடர்ச்சியாகத்தான் நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி தன் வரலாற்றைச் சொல்கிறது. திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்தது 1855இல். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே ஒடுக்கப்பட்ட ஒருவர் பள்ளிக்கூடம் கேட்டு வாங்கியிருக்கிறார். இன்று அந்த மயிலாடியும் ஒரு பேரூராட்சி. அது தத்துப் பட்டியலுக்குள் வருவதே கடினம்.

கேட்டு வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகளை இன்று 'பயனாளிகள்' என்று உட்காரவைத்துச் சுகாதாரம் பற்றிப் பாடம் எடுப்பது பொருத்தமல்ல. அவர்களுக்கு என்ன தேவை என்று முதலில் அவர்களிடம் கேட்க வேண்டும். சாதிச் சான்றிதழ், வீட்டுமனைப் பட்டா, சுடுகாட்டுக்கு, கல்லறைத் தோட்டத்துக்குப் பாதை என்று பதில் வரலாம். பட்டா விஷயம் இங்கே தனிக்கதை. பஞ்சமி நிலம் சென்னை மாகாணத்து ஏற்பாடு. 1956 வரை திருவிதாங்கூரோடும் அதன் வழிவந்த அரசோடும் இருந்த நம் பகுதிக்கு அந்தப் பிடிமானமும் கிடையாது.

மாணவர்கள் செய்யக்கூடிய வேலைகள் நிறைய இருக்கின்றன. கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர் பிள்ளைகளுக்கும் மாநில அரசின் கல்வி உதவித்தொகை உண்டு. இது தெரியாத குடும்பத்துக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது ஒரு நாள் வேலை. அதனால் ஒரு பிள்ளையின் படிப்பு நிற்காமல் போகும். பட்டா மனு எழுதுவது, தகவல் உரிமைச் சட்டத்தில் கேள்வி கேட்பது, அதிகாரியின் பதில் வரும்வரை தொடர்வது எல்லாம் பட்டதாரிக்கும் பாடம்தான்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். முகாமில் துடைப்பம் யார் கையில், ஒலிபெருக்கி யார் கையில்? பக்கத்து மாவட்டத்து நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பள்ளி மாணவர்களிடையே பாய்ந்த சாதி அரிவாளை நாம் மறக்கவில்லை. அதன் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024இல் அறிக்கை தந்து, எல்லாச் சாதி மாணவர்களும் சேர்ந்த சமூகநீதி மாணவர் படையைப் பரிந்துரைத்தது. முகாம்களை ஒழுங்காக நடத்தினால் அதுவே அப்படிப்பட்ட படைதான். தலித் குடும்பத்து வீட்டில் எல்லோரும் சேர்ந்து உண்ணும் ஒரு வேளைச் சோறு, பத்துப் பேரணிகளுக்குச் சமம்.

எனவே நாம் கேட்பது மூன்று. பேரூராட்சிக் குடியிருப்புகளையும் தத்துப் பட்டியலில் சேர்க்க வேண்டும். கணக்கெடுப்பைத் தெருவாரியாக எடுத்து, மதம் மாறியவர்களையும் சேர்த்து, முடிவை அந்தத் தெருவிலேயே வாசிக்க வேண்டும். ஏழாம் நாள் நிறைவு விழாவோடு போய்விடாமல், ஆறு மாதம் கழித்து வந்து எந்த மனு எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் அறிவித்தார். சொல் போகட்டும். அந்தத் தெருவுக்குக் கல்லூரி வரட்டும். வருகிறவர்களிடம் என்ன வேண்டும் என்று சொல்ல, நம் ஊர்களும் இப்போதே பட்டியல் எழுதி வைக்கட்டும்.